கடைசிக் கவளம்

கெர்னோட் செய்த தோட்டா பட்ட பிறகு இந்தப் பூமியில் எந்தப் பிராணியும் இரண்டாவது அடி எடுத்து வைத்தது கிடையாது.

இதைச் சொன்னது கெர்னோட்தான். ரொட்டிக்கடை வரிசையில் சொன்னான். பல் பிடுங்கப் போன இடத்தில், பாதி வாய் மரத்திருந்தபோதும் சொன்னான். சொந்த அத்தையின் அடக்கத்தில், பாதிரியார் மண் தூவி முடிப்பதற்குள் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னான். துரிங்கியக் காட்டு மலையின் அடிவாரத்தில், தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி செய்து பிழைக்கிற அந்த ஊரில் இப்படிப் பேசுகிறவர்களை யாரும் தடுப்பதில்லை. தலையை ஆட்டிவிட்டு ரொட்டியை வாங்கிக்கொண்டு போவார்கள்.

தோட்டா நிஜமாகவே நல்ல தோட்டாதான். சுத்தச் செம்பு. மூக்கில் ஒரு குழி, குழியின் சுவரில் ஆறு கீறல். உடம்புக்குள் நுழைகிற கணத்தில் குழிக்குள் ஈரம் புகுந்து நெருக்கும். கீறல் வழியே மூக்கு கிழிந்து ஆறு இதழாகப் பின்னுக்கு மடங்கும். விரல் தடிமன்கூட இல்லாமல் உள்ளே போனது பூவாக மலர்ந்து, போகிற வழியெல்லாம் ஒரு முஷ்டி நுழையும் அளவுக்குக் குகை குடைந்து, மறுபக்கத்துத் தோலுக்கு அடியில் சமர்த்தாக நின்றுவிடும். மற்றவர்களின் தோட்டாவில் இதழ் முறியும், இல்லையென்றால் மலராமலே ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும்.

"உள்ள போறது மட்டும்தான் என் தோட்டாவுக்குத் தெரியும். வெளிய வர்ற வழியை நான் சொல்லிக் குடுக்கலை" என்பான் கெர்னோட்.

இதில் ஒரே ஒரு சின்னக் குறை. அந்தத் தோட்டா அதுவரை எந்தப் பிராணி மீதும் பட்டதில்லை. பட்டதெல்லாம் அவன் இன்ஜினியராக வேலை பார்க்கும் தோட்டா ஆலையின் சோதனைச் சுரங்கத்தில் அடுக்கியிருக்கும் சோப்புக் கட்டிகள்தான். சோப்புக் கட்டிகள் உண்மையிலேயே இரண்டாவது அடி எடுத்து வைத்தது கிடையாது.

சனிக்கிழமை மாகாணத்து வேட்டைக்காரர்கள் அத்தனை பேரும் ஆலைக் கூடத்துக்கு வருகிறார்கள். நிஜ மானின் உடம்பிலிருந்து எடுத்த தோட்டாவை, ஆறு இதழும் முறியாமல், நீல வெல்வெட் துணியில் வைத்துக் காட்ட வேண்டும். காட்டினால் அது கெர்னோட்டின் பெயரிலேயே கடைக்கு வரும். காட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதை முதலாளியம்மா தெளிவாகவே சொல்லியிருந்தார்.

"உன் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது வலிக்குது, கெர்னோட். கையில கொண்டுவந்து வை. இல்லைன்னா திங்கக்கிழமையிலேர்ந்து பழையபடி வாத்து சுடுற பொடிக் குண்டு வார்க்கப் போ."

அதனால் வியாழக்கிழமை மதியம் அவன் மலையேறினான். கூட வந்தவள் வனக்காவலர் ஹைட்ருன். அவனைவிடப் பெரியவள், அதிகம் பேசமாட்டாள். அவள் வேலையில் பாதி, மற்றவர்கள் சரியாகச் சுடாமல் விட்ட பிராணிகளைத் தேடிக் கண்டுபிடிப்பது. அதற்காகவே பழக்கிய பிர்கா என்ற பழுப்பு நாய் நீளமான தோல் கயிற்றில் அவள் பின்னால் வந்தது. ஊசியிலை மரங்களுக்கு நடுவே வெட்டவெளியில் ஒரு வயசான கலைமான் வந்து நின்றது. கெர்னோட் சுட்டான். நாலு காலையும் ஒரே நேரத்தில் யாரோ உருவிக்கொண்டது மாதிரி நின்ற இடத்திலேயே அது சரிந்தது. இரண்டாவது அடி என்ன, முதல் அடியே இல்லை.

கெர்னோட் எழுந்து நடக்கப் போனான்.

"பொறு" என்றாள் ஹைட்ருன். "ஒரு சிகரெட் பிடிச்சு முடிக்கிற நேரம். அதுக்குன்னு கொஞ்சம் நேரம் குடுக்கணும்."

"எதுக்கு? உயில் எழுதவா?"

அவன் போய்விட்டான். மான் இடது பக்கம் மேலே தெரியக் கிடந்தது. தோள்பட்டைக்குப் பின்னால் விரலளவு துளை. கண் திறந்திருந்தது. ஹைட்ருன் பின்னால் வந்து, பக்கத்து மரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பச்சைக் கிளையை ஒடித்து அவனிடம் நீட்டினாள்.

"வாயில வை."

"செத்தவனுக்குச் சாப்பாடா? வெறும் கிளை எப்படி எறங்கும்? கடுகு தொட்டுக் குடுக்கட்டுமா?"

"கடைசிக் கவளம் குடுக்காம எடுத்துட்டுப் போகக் கூடாது, கெர்னோட். எல்லாரும் வைப்பாங்க."

"அப்ப நீயே ஊட்டேன். ஒரு வாய் உனக்கு, ஒரு வாய் அதுக்கு."

"சுட்டவன் கைதான் குடுக்கணும். என் கையில வாங்காது."

"வாங்காதா! என்னா கெத்து." அவன் கிளையை வாங்கி, மதியம் தின்ற பன்றித் தொத்திறைச்சி பல்லிடுக்கில் சிக்கியிருந்ததை அதால் குத்தி எடுத்துவிட்டு, கிளையைத் தோளுக்கு மேலே பின்னால் வீசினான்.

ஹைட்ருன் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிர்கா மானை மோந்து பார்க்கவில்லை. மானைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மான் விழுந்த இடத்து மண்ணை மட்டும் ஒருமுறை மோந்தது. மூக்கை மண்ணிலேயே வைத்தபடி, முதுகு மயிரெல்லாம் குத்திட்டு நிற்க, சரிவில் கீழ்நோக்கிக் கயிற்றை இழுத்தது. ஊர் இருக்கிற திசையில்.

"என்ன, ஜலதோஷமா உன் நாய்க்கு? மான் இங்க கிடக்கு."

ஹைட்ருன் குனிந்து, நாய் இழுத்த பக்கத்துத் தரையைப் பார்த்தாள். ஈரச் சருகு. ஒரு துளி ரத்தம் இல்லை. ஒரு குளம்புத் தடம் இல்லை.

"செத்ததை அவ தேடமாட்டா" என்றாள் மெதுவாக. "அடிபட்டு நடந்து போறதை மட்டும்தான் தேடுவா."

வெள்ளிக்கிழமை மதியத்துக்கே ஆலை காலி. கெர்னோட் மட்டும் குளிரறையில் இருந்தான். பின்னங்கால்களில் மாட்டித் தலைகீழாகத் தொங்கிய மானின் முன்னால், தோல் கவசம் கட்டிக்கொண்டு, முழங்கைவரை கழுவிக்கொண்டு, அவ்வப்போது சீட்டியடித்துக்கொண்டு தேடினான். இதயமும் நுரையீரலும் பக்கத்தில் ஒரு தொட்டியில் இருந்தன. இதயம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. இரைக்குழாய் கத்தியால் அறுத்தது போல இரண்டு துண்டாகியிருந்தது. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. சோப்பில் பார்த்ததைவிட அழகான குகை. தோட்டாவை எடுத்துவிட்டால் முடிந்தது.

தோட்டா இல்லை.

இடது விலாவில் நுழைந்த துளை இருந்தது. வலது விலாவில் உள்பக்கமோ வெளிப்பக்கமோ ஒரு கீறல்கூட இல்லை. தோலை உரித்துப் பார்த்தான். தொட்டியிலிருந்ததைத் துண்டு துண்டாக விரலால் நசுக்கிப் பார்த்தான். உள்ளே போயிருக்கிறது, வெளியே வரவில்லை, உள்ளேயும் இல்லை. சீட்டி நின்றுபோயிருந்ததை அவன் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தான்.

கூடவே இன்னொன்றையும். தொங்கிய தலையின் கீழ்த்தாடை ஒரு பக்கமாக, இடது பக்கமாக ஒதுங்கியிருந்தது. அசை போடும்போது மாடு நடுவில் நிறுத்தினால் இருக்குமே, அப்படி. தசை விறைத்தால் அப்படி ஆகும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, தொட்டியைக் கழுவித் திரும்பினான்.

தாடை வலது பக்கம் ஒதுங்கியிருந்தது.

உலோகத்தைக் காட்டித் தருகிற கைக்கருவி ஒன்று சோதனைச் சுரங்கத்தில் கிடக்கிறது, அதை எடுத்து வந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இது நியாயமான காரணம்தான். ஆனாலும் குளிரறைக் கதவை அவன் சாத்திய வேகத்துக்கு அது போதாது.

டிசம்பர். ஐந்து மணிக்கே இருட்டு முற்றத்தில் இறங்கிவிட்டது. ஆலைக் கதவுகளிலெல்லாம் கிறிஸ்துமஸுக்காக முதலாளியம்மா கட்டிவிட்ட ஊசியிலை வளையங்கள் கறுப்பாகத் தொங்கின. சுரங்கம் என்பது நீளமான, ஜன்னல் இல்லாத கொட்டகை. இந்த முனையில் துப்பாக்கி மேசை, அந்த முனையில் சோப்பு அடுக்கு, நடுவில் நின்றால் இரண்டு முனையும் தெரியாத அளவுக்குச் சிமெண்டுத் தரை. உள்ளே எப்போதும் கரிமருந்தும் சோப்பும் கலந்த, யாரோ துப்பாக்கியைக் குளிப்பாட்டியது மாதிரி ஒரு வாசம் இருக்கும். இன்றைக்கு அதற்கு அடியில் வேறொன்று இருந்தது. நனைந்த ரோமம். காட்டு மண். வெகுநேரம் திறந்தே இருந்த ஒரு வாயின் வாசம்.

கருவி சோப்பு அடுக்கின் மேல் கிடந்தது. அவன் நடந்து போய்ச் சேர்ந்து, விளக்கைப் பிடித்துப் பார்த்தான்.

கட்டிகள் தேய்ந்திருந்தன. நேற்று வரை செங்கல் மாதிரி விளிம்பு கூராக இருந்தவை, நடுவில் குழிந்து வழுவழுப்பாக, அகலமான பட்டை பட்டையாக, கீழிருந்து மேலாக. உப்புக் கல்லை மான்கள் நக்கிவைத்தால் இருக்கிற தோற்றம் அதற்கு. எலி என்று நினைத்தான். உள்ளங்கை அகலத்துக்கு நாக்கு உள்ள எலி.

அப்போது அவன் வந்த வழியில், மேசைப் பக்கத்து இருட்டில், ஒரு சத்தம்.

டக்.

சிமெண்டின்மேல் கொம்பு போலக் கெட்டியான எதுவோ படுகிற சத்தம். அவன் மூச்சை நிறுத்தினான். டக். மறுபடி டக். பிறகு எதையோ தரையோடு இழுப்பது போலச் சர்ரென்று ஒரு தேய்ப்பு. மூன்று கால் ஊன்றி, ஒரு கால் வராமல், அதை இழுத்துக்கொண்டு. ஒவ்வொரு அடிக்கும் நடுவில், மிக லேசாக, வெறும் டப்பாவுக்குள் செம்பு உருள்கிற மாதிரி ஒரு கிணுகிணுப்பு.

தோள்பட்டைக்குப் பின்னால் சுட்டால் அந்தப் பக்கத்து முன்னங்கால் தூக்க வராது. இது அவனுக்குத் தெரியும். இதைப் பற்றி அவன் ஒரு கருத்தரங்கில் பேசியிருக்கிறான்.

பக்கக் கதவின் தாழ்ப்பாளை அவன் கை எப்படிக் கண்டுபிடித்தது என்பது அவனுக்குத் தெரியாது. முற்றம். பனி. வழுக்கல். அவன் குடியிருந்த வீடு முற்றத்தின் மறுகோடியில்தான், அதன் கதவிலும் ஒரு வளையம். உள்ளே பாய்ந்து, பூட்டி, சமையலறை விளக்கைப் போட்டு, கதவில் முதுகை ஒட்டி நின்றான். வெகுநேரம் நின்றான். குளிர்பெட்டியின் முனகல். சொட்டும் குழாய். தன் இதயம். இவ்வளவுதான். சிரித்துப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை, இருமல் வந்தது.

ஹைட்ருனுக்குப் போன் செய்தான்.

"நான் கெர்னோட்."

"தெரியும். போன் பண்ணுவேன்னும் தெரியும்."

"எப்படி?"

"காலையில பிர்காவைக் கூட்டிட்டு அந்த எடத்துக்குப் போனேன். அதே தடத்தைப் பிடிச்சா. மெதுவாப் போயிருக்கு. ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு நின்னு போயிருக்கு. கடைசியில உங்க ஆலை வேலியாண்ட வந்து படுத்துட்டா. இழுத்துப் பார்த்தேன், அடிச்சும் பார்த்தேன். உள்ள வரமாட்டேங்கறா."

"எலியா இருக்கும்."

"எலியைத் தேட அவளுக்கு யாரும் கத்துக் குடுக்கலை, இன்ஜினியரே."

கதவுக்கு வெளியே எதுவோ நீளமாக மூச்சை உள்ளே இழுத்தது. வளையம் தொங்குகிற உயரத்தில். இழுத்தது. விட்டது. ஊசியிலைகள் கதவுப் பலகையில் உரசின.

"ஹைட்ருன். என்ன பண்ணணும்?"

"உனக்கே தெரியும்."

"நீ சொல்லு."

"ஒரு கிளை. உன் கையால. அதைத்தான் கேக்குது. நான் வண்டியை எடுத்துட்டு வரேன், மலைப்பாதையில பனி, நேரமாகும். கெர்னோட், சிரிக்காத."

"நான் சிரிக்கலை."

"தெரியுது" என்றாள். "முதல் தடவையா."

போன் அணைந்ததும் வெளியே சத்தமும் இல்லை. வீட்டுக்குள் பச்சை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஜன்னலோரத் தொட்டியில் வெந்தயக்கீரை மாதிரி ஏதோ செத்துப்போய்க் கிடந்தது. கிளை இருப்பது கதவுக்கு வெளியே. அவன் காதை ஒட்டிக் கேட்டான். எண்ண முடிகிறவரை எண்ணினான். பூட்டைத் திறந்து, கதவை ஒரு கை நுழையும் அளவுக்கு மட்டும் நீக்கி, வளையத்தைப் பிடுங்கி, அறைந்து சாத்திப் பூட்டினான்.

வளையம் நனைந்திருந்தது. பிசுபிசுவென்று, இழை இழையாகத் தரைவரை தொங்கும் எச்சில். ஆனால் ஒரு ஊசிகூடக் கடிபடவில்லை. ஊர் முழுக்க எத்தனை கதவில் எத்தனை வளையம். அத்தனையையும் மோந்து, வாயூற நின்று, ஒன்றையும் தொடாமல் வந்திருக்கிறது. தானாகத் தின்னக் கூடாது போலிருக்கிறது. யாராவது கொடுக்க வேண்டும்.

யாராவது இல்லை, சுட்டவன்.

கதவைத் திறந்தது ஒரு கை அகலம்தான். அந்த அகலத்தில் ஏதோ கொஞ்சம் நுழைந்திருந்தது. முதலில் மெல்லிய இழையாக ஒரு வாசம்: நனைந்த ரோமம். பிறகு அது விரிந்தது. கூடத்தின் இருட்டுக்குள், உடை மாட்டும் ஆணிகளுக்கும் மாடிப்படிக்கும் நடுவில், ஓசையில்லாமல் மடிப்பு மடிப்பாக விரிந்து, இடம் பிடித்து, சுவரை நெருக்கி.

டக்.

உள்ளே.

சமையலறை வெளிச்சம் கூடத்தில் ஒரு நீளப் பட்டையாக விழுந்திருந்தது. அந்தப் பட்டைக்குள் முதலில் மூக்கு வந்தது. நரைத்த மூக்கு. இவ்வளவு குளிரிலும் அதன் மூச்சில் ஆவி இல்லை. கீழ்த்தாடை இடம், வலம், இடம், வலம். வெறும் வாய். எதுவுமே இல்லாததை அரைத்துக்கொண்டிருந்தது. பல்லோடு பல் தேய்கிற சத்தம் அவனுடைய கடைவாய்ப் பற்களில் கேட்டது.

கெர்னோட் வளையத்திலிருந்து ஒரு கிளையை ஒடித்தான். விரல் நீளம். கண்ணை மூடிக்கொண்டு நீட்டினான்.

உதடு பட்டது. குளிர்ந்த, கனமான, மிருதுவான உதடு. மரியாதையாக, விரலைத் தொடாமல், கிளையை மட்டும் வாங்கிக்கொண்டது.

மென்றது. விழுங்கியது.

அவ்வளவுதான் என்று நினைத்தான். அவ்வளவுதான் அது கேட்கும் என்றாளே. கண்ணைத் திறந்தான்.

அது திரும்பியிருந்தது. இடது பக்கம் வெளிச்சத்தில் இருந்தது. தோள்பட்டைக்குப் பின்னால், விரலளவாக இருந்த துளை இப்போது விரலளவு இல்லை. தோல் உள்ளிருந்து கிழிந்து, ஆறு இதழாக, ஒரே அளவாக, ஒரே கோணத்தில், வெளிப்புறம் மடங்கியிருந்தது. அவன் வரைபடத்தில் போட்டிருந்த அதே கோணம். உள்ளே குகை. குகையின் மேற்சுவரில் அறுந்த இரைக்குழாய் தொங்கி, துடித்து, எதையோ வெளியே தள்ளியது.

மென்ற ஊசியிலைகள் சொத்தென்று தரையில் விழுந்தன.

தலை திரும்பியது. தாடை இடம். வலம். மூக்கு நீண்டது. பசி தீரவில்லை.

இன்னொரு கிளை. வாங்கியது. மென்றது. விழுந்தது. இன்னொன்று. விழுந்தது. இன்னொன்று. ஒடிக்க ஒடிக்க வளையம் இளைத்தது. கிளைகளுக்கு நடுவே கம்பி தெரிந்தது. சிவப்பு ரிப்பன் கழன்று விழுந்தது. வயிறு என்று ஒன்று இருக்கிறது, அதுவரை போக வேண்டும், ஒரே ஒரு வாய் போய்ச் சேர்ந்தால் போதும். போகாது. வழி இல்லை. வழியை அவன்தான் எடுத்துவிட்டான்.

கடைசிக் கிளை விழுந்தபோது கூடவே வேறொன்றும் விழுந்தது.

டிங்.

ஓடு பதித்த தரையில் தெறித்து, உருண்டு, அவன் பூட்ஸ் முனையில் முட்டி நின்றது. செம்புப் பூ. ஆறு இதழ். ஒன்றும் முறியவில்லை. வெளிச்சத்தில் அப்படியே மின்னியது; இதைவிட அழகாக மலர்ந்த தோட்டாவை எந்த வெல்வெட்டும் பார்த்திருக்காது. கெர்னோட் அதைப் பார்த்தான்.

வெளியே எங்கோ வேலியோரம் நாயின் ஊளை. ஒரு வண்டியின் கதவு. "கெர்னோட்!" என்று ஹைட்ருனின் குரல்.

அவன் கையில் வெறும் கம்பி வளையம். அவனுக்கு முன்னால் திறந்த வாய், காத்துக்கொண்டு.

அவன் மெதுவாக மண்டியிட்டான். தோட்டாவைப் புறங்கையால் ஓரமாகத் தள்ளினான். தரையில் கிடந்த, மென்று கூழான ஊசியிலைகளை இரண்டு கையாலும் கூட்டி அள்ளினான். ஒரு வாய் அளவுக்கு உருட்டினான். பிறகு, தலையைத் தூக்காமல், அதை மறுபடியும் நீட்டினான்.